பாட்டியின் சீருடைப் படம்: ஜான்சி ராணி படைதானா என்று பார்ப்பது எப்படி?

கோலாலம்பூர் செந்தூலிலோ பினாங்கிலோ ஒரு பழைய பெட்டியைத் திறக்கும்போது, தொப்பியும் கால்சட்டையுமாக நிற்கும் பெண்ணின் படம் கிடைத்தால், "பாட்டி நேதாஜி படையில் இருந்தார்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே அறிவித்துவிடுகிறோம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே இருந்தது ஜான்சி ராணி படை; ஆகவே உண்மையாகவும் இருக்கலாம். சரிபார்த்துவிட்டு அறிவியுங்கள்.

முதல் வேலை, துடைக்காமல் இருப்பது. ஈரத்துணி படத்தைக் கெடுத்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் 600 டிபிஐ நுணுக்கம் போதும்.

அடுத்து பின்பக்கம். பலரும் இதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை! 2603, 2604 என்று இருந்தால் கிறுக்கல் என்று ஒதுக்காதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய ஆண்டுக் கணக்கு அது; 2603 என்றால் 1943. 'ஷோனான்' என்றால் சிங்கப்பூர். படையின் பயிற்சி முகாம் அங்கேதான் 1943 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. ஆகவே 1941 என்று தேதியிட்ட படம் இந்தப் படையினுடையது அல்ல.

மூன்றாவது, உடை. கறுப்பு வெள்ளைப் படத்தில் காக்கி தெரியாது, வடிவத்தைப் பாருங்கள். தொடைப்பகுதி அகன்று முழங்காலுக்குக் கீழே இறுகும் ஜோத்பூர் கால்சட்டை, சட்டை, இடுப்புப் பட்டை, பக்கவாட்டில் மடிந்த துணித்தொப்பி. சேலையைத் தவிர வேறு உடுத்தாத ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கு அது எத்தனை பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். பாவாடைச் சீருடையாக இருந்தால் சாரணியர் இயக்கமா என்றும் விசாரியுங்கள். சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம் தெரிந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: அது ஜெர்மனியில் உருவான இந்தியப் படையினர் அணிந்தது. ஒப்பிட, ஜான்சி ராணி படைத் தலைவி கேப்டன் லட்சுமி, அதே படையில் இருந்த கோலாலம்பூரின் ஜானகி ஆதி நாகப்பன் ஆகியோரின் சீருடைப் படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

பிறகு பெரியவர்களிடம் பேசுங்கள். "பாட்டி படையில் இருந்தாரா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த முகாம்? பர்மாவுக்குப் போனாரா? எப்படி வீடு திரும்பினார்?" என்று கேளுங்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய கதை வந்தால் குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தகவல் சொன்னவர் யார் என்பதை எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததற்கு அருகே கேள்விக்குறி போடுங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகுவதானால் முதலில் ஸ்கேன் பிரதியைக் கொண்டு செல்லுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.