அமிலம் ஏன் வீரியமாக வந்தது?

மணலியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் கொதிகலன் நீரைச் சோதிக்கும் வேலை. சேர்ந்த முதல் வாரமே ஒரு லிட்டர் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (இந்த அமிலத்துக்கு அது 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல்) தயாரிக்கச் சொன்னார்கள். பாட்டிலில் 37% என்றிருந்தது. லிட்டருக்கு 370 கிராம் என்று எடுத்துக்கொண்டு, மூலக்கூறு எடை 36.46-ஆல் வகுத்தேன், ஏறத்தாழ 10.15 மோலார். ஆக 9.85 மி.லி. போதும் என்று அளந்து தண்ணீரில் ஊற்றினேன்.

சரிபார்க்க, உலர்த்திய சோடியம் கார்பனேட் 0.106 கிராம் எடுத்து, அதை முழுதும் வினைப்படுத்த எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று பியூரெட்டில் (அளவுக் குழாயில்) சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம்பார்த்தேன். 20 மி.லி. செலவாக வேண்டும். 17 மி.லி.-யிலேயே, வினை முடிந்ததைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சு சாயம் நிறம் மாறிவிட்டது! பியூரெட்டைத் திட்டினேன், தராசைத் திட்டினேன். மறுபடியும் அதே 17.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் மூத்த அண்ணன் சோற்று டப்பாவை மூடியபடியே, "அடர்த்தியை எங்கே விட்டாய் தம்பி?" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. 37% என்பது எடை விழுக்காடு: நூறு கிராம் கரைசலில் 37 கிராம். அந்த அமிலம் ஒரு லிட்டர் 1.18 கிலோ இருக்கும். எனவே 370-ஐ 1.18-ஆல் பெருக்கிய பிறகே வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 12 மோலார். தேவைப்பட்டது 8.3 மி.லி. மட்டுமே.

கொட்டிவிட மனம் வரவில்லை. மீதி 900 மி.லி. இருந்தது, செறிவு 0.118 (0.1 × 20 ÷ 17). 900 × 0.118 ÷ 0.1 = 1062. காய்ச்சி வடித்த நீர் 162 மி.லி. சேர்த்துக் குலுக்கினேன். மறுநாள் தரம்பார்த்தபோது 20.0 மி.லி.