விடியுமுன் கடற்கரையில் ஃபிலிமுக்கு வெளிச்சம் அளப்பது

பாம்பன் வடகடல் கரையில் நாட்டுப்படகுகள் வந்து சேர்ந்து, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் விடிகாலை நேரத்தை நான் கருப்பு வெள்ளை ஃபிலிமில்தான் எடுப்பேன். பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 மி.மீ. எஃப்1.4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), உணர்திறன் 400 கொண்ட இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிம். இவை போதும். வெளிச்சத்தை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதைக் காட்டினாலும், அதைக் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். தார் பூசிய படகைக் காட்டினால் வெளிச்சம் போதாது என்று சொல்லி, கரும்படகை வெளிறவைத்துவிடும். படச் சட்டத்துக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் வந்துவிட்டாலோ நேர்மாறு: மனிதர்கள் எல்லாரும் கரிக்கட்டையாகிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, இருட்டில் மீட்டருக்கே கண் தெரியாது. கே1000-இன் எல்லை, 400 ஃபிலிமில் எஃப்1.4 வைத்தால் ஏறக்குறைய 1/15 நொடி. அதற்குக் கீழே முள் காட்டுவதை நான் நம்புவதில்லை.

இங்கேதான் வெள்ளைத் தாள் கைகொடுக்கும். கோடு போடாத ஒரு நோட்டுத் தாளை, நீங்கள் எடுக்கப்போகும் ஆளின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் பிடியுங்கள். நிழல் விழாமல், சட்டம் முழுக்கத் தாளே நிறையும்படி நெருங்கி அளவெடுங்கள். தாள் சாம்பலைவிடச் சுமார் ஐந்து மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் கிடைத்த அளவுக்கு மேல் இரண்டு ஸ்டாப்பும் சற்றுக் கூடுதலும் கொடுக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு). தாளில் 1/15 என்றால் படத்துக்கு 1/4. மீட்டர் எட்டாத இரண்டு ஸ்டாப் ஆழத்துக்கு இப்படிப் போய்விடலாம். தாள் இல்லையென்றால் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நம் ஊர் வெயிலில் முகம் எவ்வளவு கறுத்தாலும் உள்ளங்கை வெளுப்பாகவே இருக்கும். முகத்தையே அளந்தால், கறுத்த முகத்துக்கு ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள். முகத்தின் நிறம் படத்திலும் அப்படியே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே இல்லை.

“லைட்டை அடிக்கவாண்ணே?” என்று யாராவது அன்பாக டார்ச்சை லென்ஸுக்கு நேரே திருப்பினால் அரை நிமிடம் பொறுங்கள். இந்தக் கேமராவில் உள்ள பழைய சிடிஎஸ் (காட்மியம் சல்ஃபைடு) வகை மீட்டர் பலத்த வெளிச்சத்தைப் பார்த்தபின் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாது.

நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அதனால் விடிகிற வெளுப்பு இருபது நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்குள் வெளிச்சம் ஏழு ஸ்டாப் அளவுக்குக் கூடும், அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த அளவு செல்லாது. ஒவ்வொரு படத்துக்கும் தாளை எடுங்கள்.

படகும் வானமும் சேர்ந்து துல்லியமாக வேண்டுமென்றால் எஃப்8 வரை மூட வேண்டியிருக்கும். எஃப்1.4-இல் 1/4 நொடி என்பது எஃப்8-இல் 8 நொடி. ஆனால் ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறன் தளர்ந்துவிடும். எச்பி5-க்கு 2 நொடி இரண்டரையாகும், 8 நொடி 15 ஆகும், 10 நொடி 20 ஆகும். கோடாக் டிரை-எக்ஸ் 400 இன்னும் அதிகம் கேட்கும்: 10 நொடிக்கு 50. இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி கேமரா பையில் ஒட்டிவையுங்கள். இருட்டில் மனக்கணக்கு வராது. ஷட்டரை, அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் பி நிலையில் வைத்து, கேமராவைத் தொடாமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் போடுங்கள். ஸ்டாண்டின் கால்களை ஈரமணலில் நன்றாக அழுத்தி நட்டபிறகே தொடங்குங்கள்.

சந்தேகம் வந்தால் கூடுதலாகவே கொடுங்கள். நெகட்டிவில் ஒரு ஸ்டாப் மிகுந்தால் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டலாம். ஃபிலிமில் பதியாத நிழலை எந்த ரசாயனமும் கொண்டுவராது.

முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். கே1000 மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, திறந்திருந்தால் அந்தச் சின்ன எல்ஆர்44 பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலையும் ஸ்டாண்டையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.