பழைய ஜீப்பில் இருக்கும் அக்சில் ரேஷியோவை எண்ணிப் பார்த்து அறிவது

சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, அவற்றை இயக்கும் புரப்பலர் ஷாஃப்ட் (அக்சிலுக்கு வரும் நீளத் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதே அக்சில் ரேஷியோ. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றிய அக்சில் முழுசாகவே வாங்கலாம். அதனால் கொழும்பில் பல கை மாறிய ஃபோர் வீல் வாகனத்தின் ரேஷியோவை வண்டியின் விவரத் தகட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டொயோட்டா தகட்டில் அக்சில் குறியீடு உண்டு. ஆனால் அது தொழிற்சாலையில் பூட்டியதைச் சொல்லும், இப்போது அடியில் இருப்பதை அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்ட், வெண்கட்டி, உதவிக்கு ஒருவர் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே வேண்டாம். பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. முன், பின் அக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால் புரப்பலர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் மேலே போனதும், பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருண்டுவிடும்.

ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள். மற்றது தரையில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லிவர் டூ வீலில், ஹேண்ட் பிரேக் இறக்கி இருக்க வேண்டும். எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் முன், பின் ஷாஃப்டுகளைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்ட் அசையாது. டயரிலும் ஷாஃப்டிலும் வெண்கட்டியால் கோடு போடுங்கள். அக்சில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃப் (டிஃபரன்ஷியல்) பழையதென்றால் அதில் ஆட்டம் இருக்கும். ஷாஃப்ட் நகரத் தொடங்கும்வரை சக்கரத்தைச் சுற்றி, அதற்குப் பிறகு கோடு போட்டால்தான் கணக்கு சரி வரும்.

இனி ஒருவர் சக்கரத்தை இருபது சுற்று சுற்ற, மற்றவர் அடியில் ஷாஃப்டை எண்ணட்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃப்பின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பாதி வேகத்தில்தான் சுற்றும். இருபது சுற்றுக்கு அது பத்து. ஷாஃப்ட் சுற்றைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ. 41 வந்தால் 4.10, 43 வந்தால் 4.30, 37-ஐக் கொஞ்சம் தாண்டினால் 3.73, 48-உம் முக்காலும் என்றால் 4.875. டிஃபெண்டரில் 35-க்கும் 36-க்கும் நடுவே நிற்கும், அது 3.54. பழைய சீரிஸ் லாண்ட் ரோவரில் 47, அது 4.70. இரண்டு சுற்றோடு நிறுத்துபவர்கள்தான் 4.10-ஐயும் 4.30-ஐயும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டு சுற்றில் வித்தியாசம் ஐந்திலொரு சுற்று, இருபதில் இரண்டு முழுச் சுற்று.

சக்கரம் அசையவே மறுத்தால் இரு சக்கரங்களும் தனித்தனியே சுற்றுவதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்போ லாக்கரோ டிஃப்பில் இருக்கலாம். அப்போது பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்குங்கள். ஒன்றைச் சுற்ற மற்றதும் அதே திசையில் சுற்றினால், பத்துச் சுற்றே போதும். அதே பத்தால் வகுக்கலாம். எதிர்த் திசையில் சுற்றினால் அது சாதாரண டிஃப். ஒன்றை மறுபடி தரையில் இறக்குங்கள்.

முன் அக்சிலையும் கட்டாயம் எண்ணுங்கள். இம்முறை பின் சக்கரங்களுக்குக் கட்டை. முன் சக்கரத்தை அக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் லாக்கில் போடுங்கள், திறந்திருந்தால் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். முன்னே 3.73, பின்னே 4.10 என்றால் முன் ஷாஃப்ட் பத்துச் சுற்ற, பின் ஷாஃப்ட் பதினொன்று கேட்கும். ஃபோர் வீலில் போட்டதும் நேர் வீதியிலேயே இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், லிவர் திரும்ப வராமல் இறுகும், அப்படியே ஓட்டினால் ஷாஃப்டின் மூட்டான யூனிவர்சல் ஜாயிண்டோ டிரான்ஸ்ஃபர் பெட்டியோ உடையும். மணலில் ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கை இரண்டு ரேஷியோவுக்கு நடுவே நின்றால் டிஃப்பைத் திறப்பதுதான் வழி. எண்ணெயை வடித்துவிட்டு கிரவுன் வீலின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். கிரவுன் வீலின் பல்லெண்ணிக்கையும், அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பல்லெண்ணிக்கையும் பெரும்பாலும் அங்கே பொறித்திருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ரேஷியோ. 41-உம் 10-உம் என்றால் 4.10, 41-உம் 9-உம் என்றால் 4.556. பொறிப்பு தேய்ந்திருந்தால் ஒரு பல்லில் மையிட்டு, அதிலிருந்து கையாலேயே எண்ணுங்கள். பினியன் பல்லையும் தனியே எண்ணுங்கள். மூடும்போது புது காஸ்கெட் போட்டு, நிரப்பும் துளையின் விளிம்புவரை எண்ணெய் ஊற்றுங்கள்.