அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்: ஆய்வு நிதி தேடும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் துறை அறைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒரே காட்சி நடக்கும். "சார், அறிவிப்பு வந்துவிட்டது. கடைசித் தேதிக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. ஏதாவது தலைப்பு சொல்லுங்கள்" என்று இளைய ஆசிரியர் ஒருவர் வந்து நிற்பார். அந்தப் பதினெட்டு நாளுக்குள் தலைப்பு, குறிக்கோள், செலவுத் திட்டம் எல்லாம் பிறந்து, கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் வாங்கி, கடைசி நாள் மாலை இணையதளம் திணறிக்கொண்டிருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேரும். சில மாதங்கள் கழித்து 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று ஒரு வரி வரும். "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்" என்ற பேச்சோடு கோப்பு அலமாரிக்குள் போய்விடும்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிகளும் முழுநேர ஆய்வு மாணவர்களும் நிறைந்த ஐ.ஐ.டி. பேராசிரியரோடு, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, இடையில் தேர்வுப் பணியும், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் பணியும் பார்க்கும் கல்லூரி ஆசிரியர் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும், பல ஆண்டுகளாக விண்ணப்பம் எழுதியும் பிறருடையதைப் படித்துத் திருத்தியும் வந்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. தோற்ற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எழுத உட்காருவதற்கு முன்பே தோற்றுவிட்டன.

அறிவிப்பு வந்த பிறகு ஆய்வைத் தேடுவதுதான் மூலத் தவறு. மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது, இந்த ஆசிரியர் இந்த வேலையை ஏற்கெனவே தொட்டிருக்கிறாரா என்பதைத்தான். கையில் சிறிதளவாவது முதல்கட்டத் தரவு இருக்க வேண்டும். "நிதி வந்தால்தானே தரவு" என்று கேட்பார்கள். முதல்கட்டத் தரவுக்குப் பெரிய நிதி தேவையில்லை. முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு வேலையை ஆண்டுதோறும் வெவ்வேறு தலைப்புகளில் சிதறவிடாமல், ஒரே கேள்வியின் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால் மூன்று ஆண்டில் நல்ல தரவு சேர்ந்துவிடும். அந்த மாணவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட உதவி இருக்கிறது. மாதிரிகளைச் சோதிக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் போன்ற கருவி மையங்கள் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க ஐ-ஸ்டெம் இணையதளம் 2020 முதல் இருக்கிறது. பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை செய்ய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆசிரியர்கள் மாணவர்களை அதற்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள்.

ஆதரவு என்றால் பணம் மட்டும் என்று நினைப்பதும் இதோடு ஒட்டிய தவறுதான். கருவி நேரம் ஆதரவு, ஆய்விதழ்கள் ஆதரவு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால், 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அரசுக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, பத்து ஆண்டுப் பழைய கட்டுரைகளை மட்டும் மேற்கோள் காட்டி விண்ணப்பம் எழுதினால் மதிப்பீட்டாளர் மன்னிக்கமாட்டார்.

தவறான கதவு

இன்னும் 'யூ.ஜி.சி. மைனர் ப்ராஜெக்ட் எப்போது வரும்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. கொடுத்துவந்த அந்தச் சிறு ஆய்வு நிதி நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2022இல் யூ.ஜி.சி. வேறு நல்கைகளை அறிவித்தது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் ஒன்று, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டும் இரண்டு ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்ற அளவில் வந்தன. அதேபோல், அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி கொடுத்துவந்த, 'செர்ப்' என்று நாம் பழகியிருந்த மத்திய அரசு வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அது கரைந்துவிட்டது. திட்டங்களின் பெயர்களும் மாறின. இளம் ஆசிரியர்களுக்குப் பிரதம மந்திரியின் பெயரிலான தொடக்கநிலை ஆய்வு நல்கை இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்களுக்கென்று இன்க்ளுசிவிட்டி ரிசர்ச் கிராண்ட் இருக்கிறது. பழைய பெயரில் தேடிக்கொண்டிருப்பவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. அதே அறக்கட்டளையின் 'பேர்' (PAIR) என்ற திட்டத்தில் பெரிய நிறுவனம் ஒன்று மையமாக இருக்க, மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதன் கிளைகளாக இணைகின்றன. அதற்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் எந்த மையத்தோடாவது இணைந்திருக்கிறதா என்று ஆய்வுப் பிரிவில் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

தகுதி விதிகளைக் கடைசியில் படிப்பவர்கள் நிறையப் பேர். வயது வரம்பு, பணியில் சேர்ந்து எத்தனை ஆண்டு, நிரந்தரப் பணியா என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். யூ.ஜி.சி. உதவிக்குக் கல்லூரி யூ.ஜி.சி. சட்டத்தின் 12(பி) பிரிவின் கீழ் ஏற்பு பெற்றிருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றுக்கு அது இல்லை. அங்கே வேலை பார்ப்பவர் பதினைந்து நாள் எழுதிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனையான விஷயம். கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் மோசம். முனைவர் பட்டமும் நல்ல கட்டுரைகளும் வைத்திருப்பவர்கள், நிரந்தரப் பணி இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்மை ஆய்வாளராக முடிவதில்லை. இது அவர்கள் தவறல்ல, அமைப்பின் தவறு. அது மாறும்வரை, நிரந்தரப் பணியில் இருக்கும் நாம் அவர்களைத் துணை ஆய்வாளராகச் சேர்க்க விதி இடம் கொடுக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழ், வரலாறு, சமூக அறிவியல் துறையினர் "எங்களுக்கு நிதியே இல்லை" என்று முடித்துக்கொள்கிறார்கள். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969 முதல் சமூக அறிவியல் ஆய்வுகளுக்குக் கொடுத்துவருகிறது. வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் தனித்தனிக் கழகங்கள் உள்ளன. செவ்வியல் இலக்கியத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாக்கத்தில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஓலைச்சுவடி, பழைய அச்சு நூல், கோயில் ஆவணம் என்று அழிந்துகொண்டிருக்கும் ஏதாவது உங்கள் ஊரில் இருந்தால், பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம் ஒன்று உண்டு. மூலம் நாட்டை விட்டு வெளியே போகாது, மின்படி மட்டும் எடுக்கப்படும். ஆனால் வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். கல்லூரியின் பதிவு நிலை என்ன என்று நிதி அலுவலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சொந்த வங்கிக் கணக்கில் வாங்கிக் கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எழுதும்போது

நான் படித்த விண்ணப்பம் ஒன்றின் தலைப்பு, 'தாமிரபரணி ஆற்றின் நீர்த்தரம் குறித்த ஓர் ஆய்வு'. கீழே ஆறு குறிக்கோள்கள். நீரின் வேதியியல், கன உலோகங்கள், நுண்ணெகிழி என்னும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், மிதவை உயிரிகள், மீன்கள், கடைசியாக 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்'. மூன்று ஆண்டில் ஒரு ஆய்வு மாணவரை வைத்துக்கொண்டு இதை யாராலும் செய்ய முடியாது. எழுதிய ஆசிரியரிடம், "ஆற்றில் உங்களுக்கு உண்மையிலேயே எது புரியவில்லை?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே வண்டல் தேங்குகிறது சார். கோடையில் அதில் நுண்ணெகிழி அதிகமாகக் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு எடுத்தால் குறைகிறது. அது கடலுக்குப் போய்விடுகிறதா, அடியில் புதைகிறதா என்று தெரியவில்லை" என்றார்.

அதுதான் ஆய்வு. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது அது. அதற்குக் கீழே கடல்தான். இடம் ஒன்று, காலம் இரண்டு, கேள்வி ஒன்று. அந்த நான்கு வரி அவருடைய விண்ணப்பத்தின் நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை. 'உலக அளவில் நீர் மாசு பெரும் சவாலாக உள்ளது' என்று மூன்று பக்கம் இருந்தது. மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிந்ததைத்தான் அவர் தேடுகிறார்.

செலவுத் திட்டத்தில் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுவது பெரிய ஆபத்து. முன்பு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது நீக்கப்பட்டு, பெரும்பாலான கருவிகளுக்கு 18 விழுக்காடு ஆனது. இருபது லட்ச ரூபாய்க் கருவிக்கு வரி ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆகிவிட்டது. மூத்தவரின் பழைய கோப்பைப் பார்த்து எழுதியவர்கள் அந்த இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு எங்கே போவார்கள்? 2025 செப்டம்பரிலும் வரி விகிதங்கள் மாறின. ஆகவே புதிய விலைப்புள்ளி வாங்காமல் ஒரு எண்ணையும் எழுதக்கூடாது. பராமரிப்பு ஒப்பந்தம், தடையில்லா மின்கருவி, குளிர்சாதனம் ஆகியவற்றின் விலையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு மாணவருக்கு 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. வாடகைப் படியை மறப்பவர்கள் பலர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர் சிறிய ஊருக்கு வரத் தயங்குவார் என்பதையும் முன்பே கணக்கில் வையுங்கள். ஆள் கிடைக்காமல் முதல் ஆறு மாதம் கரைந்த திட்டங்களை நான் அறிவேன்.

முதல்வரின் ஒப்புதல் கடிதம் என்பது ஒரு தாள்தான். அந்த ஒரு தாளில்தான் என் முதல் விண்ணப்பம் போனது. கடைசி நாள் காலையில் கையெழுத்துக்குப் போனேன். முதல்வர் பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிட்டது. அன்று முதல், எழுதத் தொடங்கும் நாளிலேயே, கேட்கப்பட்ட அதே வாசகத்தில், கல்லூரிக் கடிதத்தாளில் அதை வாங்கிவிடுவது என் வழக்கம். நெறிமுறைக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதலுக்கு இன்னும் முன்பே தொடங்க வேண்டும். அந்தக் குழுக்கள் கூடுவதே சில மாதங்களுக்கு ஒரு முறைதான்.

காசு கொடுத்தால் விண்ணப்பம் எழுதித் தருகிறோம், 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று வரும் இடைத்தரகர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பணம் வந்த பிறகு

ஒப்புதல் ஆணை வந்ததும் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஆணையின் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. திட்டங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் நேர்வதில்லை, கணக்கில்தான் நேர்கிறது. கருவிக்கான செலவுத் தலைப்பில் வந்ததைப் பயணத்துக்குச் செலவிடக் கூடாது. கொள்முதலுக்கு அரசின் ஜெம் இணையதளம், கொள்முதல் குழு, விலைப்புள்ளி என்று முறைகள் உண்டு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவின அறிக்கையும் உரிய காலத்தில் போகாவிட்டால் அடுத்த தவணை வராது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டாம் தவணை பல மாதம் நின்றது. காரணம் வட்டி. திட்டக் கணக்கில் கிடந்த பணத்துக்கு வங்கி சில ஆயிரம் ரூபாய் வட்டி போட்டிருந்தது. சான்றிதழில் அந்தத் தொகை காட்டப்படவில்லை. அரசு நல்கையில் வந்த வட்டி அரசுக்கே திரும்பச் செலுத்தப்பட வேண்டியது. வங்கி அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் இருந்த அந்தச் சிறு வேறுபாட்டுக்காக, ஆடிட்டரிடமும் நிதி அலுவலரிடமும் மாறி மாறி நடந்தார். அதற்குள் சம்பளம் வராத ஆய்வு மாணவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இதைத் தவிர்க்க மாதத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மாதக் கடைசியில் வங்கி அறிக்கையை எடுத்து, உங்கள் செலவுப் பதிவேட்டோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவு எழுத்தரோடு தேநீர் குடிக்கும் பழக்கமும் நல்லது. விதிகள் மாறும்போது முதலில் தெரிவது அவருக்குத்தான்.

நிராகரிப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதும் ஒரு தவறு. மதிப்பீட்டாளரின் குறிப்பு கிடைத்தால், இரண்டு நாள் கோபம் ஆறவிட்டுப் பிறகு படியுங்கள். தாமிரபரணி ஆசிரியர் குறிக்கோள்களை இரண்டாகக் குறைத்து மறுபடி அனுப்பினார். அதுவும் தேறவில்லை. ஆனால் இந்த முறை குறிப்பு ஒற்றை வரியில் இல்லை. 'அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் நீரின் அளவு தெரியாமல் கடலுக்குப் போகும் துகள்களை எப்படிக் கணக்கிடுவீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். மறுநாளே அவர் நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், அணைக்கட்டின் அன்றாட நீர்ப்போக்குப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்டு மனு கொடுத்தார். மூன்று முறை அலைந்த பிறகு அனுமதிக் கடிதம் கிடைத்தது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் அறிவிப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தையும் முதல்வரின் ஒப்புதலையும் ஒரே உறையில் போட்டு, இப்போது கோடை வண்டல் மாதிரிகளைச் சலித்துக்கொண்டிருக்கிறார்.