சம்பளச் சிட்டையில் எதைப் பார்ப்பது? நோர்வேயில் துப்புரவு வேலைக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

போன மாதம் தங்கையின் மகள் தன் முதல் சம்பளச் சிட்டையைக் கொண்டுவந்து என் குசினி மேசையில் விரித்தாள். "பெரியம்மா, கடைசி வரியில இருக்கிற காசு வந்திட்டுது. மிச்சத்தை ஏன் வாசிக்கவேணும்?" என்றாள். நானும் 1990இல் ஃபின்மார்க்கில் மீன் வெட்டத் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்கள் துடைக்கத் தொடங்கியும் பல வருஷம் கடைசி வரியை மட்டும்தான் பார்த்தேன். அதனால் இழந்தது கொஞ்சமில்லை.

முதலில் ஒரு விஷயம். நோர்வேயில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் இருந்து பேசி எழுதும் ஒப்பந்தத்தில்தான் சம்பளம் முடிவாகிறது. அதற்குத் தாரிஃப் என்று பெயர். துப்புரவு, மீன் பதனிடுதல், கட்டடம், ஹோட்டல் போன்ற சில துறைகளில் மட்டும், சங்கத்தில் சேராதவருக்கும் அந்த ஒப்பந்தத்தின் அடிமட்டச் சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். துப்புரவுக்கு இது 2011இல் வந்தது. மணித்தியாலச் சம்பளத்தின் இன்றைய தொகையை வேலைக் கண்காணிப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். அதை ஆர்பைட்ஸ்தில்சினே என்பார்கள். தொகை அடிக்கடி உயரும், ஆகவே போன வருஷம் யாரோ சொன்ன கணக்கை நம்பவேண்டாம். அதே தளத்தில் அனுமதி பெற்ற துப்புரவு நிறுவனங்களின் பட்டியலும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லாவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

சரி, இனிச் சிட்டைக்கு வருவோம். பக்கத்தில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை வையுங்கள். வேலை தொடங்கி ஏழு நாளுக்குள் அதை எழுத்தில் தரவேண்டும் என்பது 2024 யூலையிலிருந்து சட்டம். அதில் ஸ்டிலிங்ஸ்-புரொசென்ட் என்று ஒரு வீதம் இருக்கும், முழுநேர வேலையில் எத்தனை வீதம் உங்களுக்கு என்பதுதான் அது. நான் அடிபட்டது இங்கேதான்.

என் ஒப்பந்தத்தில் 60 வீதம். உண்மையில் வேலை செய்தது 90க்கு மேல். ஆள் வராத நாளெல்லாம் எனக்குத்தான் போன் வரும், நானும் சந்தோஷமாய் ஓடுவேன். சம்பளம் சரியாக வந்தது. ஆனால் வீடு வாங்க வங்கிக்குப் போனபோது அவர்கள் பார்த்தது 60ஐ. அப்புறம் புது மேற்பார்வையாளர் வந்து மேலதிக மணித்தியாலங்களை ஒரே வாரத்தில் வெட்டினார். கேட்டால், "ஒப்பந்தத்தில் 60தானே" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது: கடைசி பன்னிரண்டு மாதமும் ஒப்பந்தத்துக்கு மேலாக ஒழுங்காய் வேலை செய்திருந்தால், அந்த அளவுக்கு வேலை வீதத்தை உயர்த்தித் தரும்படி கேட்கும் உரிமை வேலைச் சூழல் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 14-4a. என்னிடம் ஆதாரமாய் இருந்தது தமிழ்க் கடையில் சும்மா தந்த காலண்டர். போன நேரம், வந்த நேரம், எந்தக் கட்டடம் என்று தினமும் அதில் குறித்திருந்தேன். அதற்கு முதல் வருஷக் காலண்டரை எறிந்துவிட்டேன், இன்றைக்கும் வயிறெரிகிறது. நீங்கள் போனிலாவது குறியுங்கள். சிட்டையில் உள்ள மணித்தியாலத்தோடு மாதாமாதம் ஒப்பிடுங்கள். குறைந்தால் வாயால் கேட்காமல் குறுஞ்செய்தியில் கேளுங்கள், எழுத்து நிற்கும். ஒரு நாளில் 9 மணித்தியாலத்துக்கோ வாரத்தில் 40க்கோ மேல் போனால் குறைந்தது 40 வீதம் கூடுதலாகத் தரவேண்டும். பகுதிநேரக்காரர் முழுநேர அளவு வரை செய்யும் மேலதிக வேலைக்குப் பொதுவாக அது கிடையாது. இதில் பலர் ஏமாந்து சண்டை பிடிக்கிறார்கள்.

அடுத்தது ஃபெரியபெங்கெர், விடுமுறைப் பணம். நம் ஆட்கள் இதைப் "பெரிய பெங்கர்" என்பார்கள், பெரிய தொகைதான் என்பதால் பெயர் பொருத்தம். போன வருஷச் சம்பளத்தில் 10.2 வீதம் சட்டப்படி. தாரிஃப் உள்ள இடத்தில் ஐந்து வார விடுமுறையோடு 12 வீதம். 4 லட்சம் குரோனர் உழைத்தவருக்கு 40,800க்கும் 48,000க்கும் உள்ள வித்தியாசம் அது. அறுபது தாண்டினால் இன்னொரு வாரமும் உண்டு, எனக்கு இப்போது வருகிறது. இரண்டு எச்சரிக்கை. முதல் கோடையில் முந்திய வருஷ உழைப்பு இல்லாததால் இந்தப் பணம் வராது, அதற்குக் காசு சேர்த்து வையுங்கள். "மணித்தியாலச் சம்பளத்துக்குள்ளேயே விடுமுறைப் பணமும் சேர்த்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அது செல்லாது. டிசம்பரில் வரி பாதியாக வெட்டப்படுவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பன்னிரண்டு மாத வரியைப் பத்தரை மாதத்தில் எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

உடைந்த வாளிக்கு, தொலைந்த திறப்புக்கு என்று காசு கழித்திருக்கிறதா? முன்கூட்டியே நீங்கள் எழுத்தில் சம்மதித்திராவிட்டால் பெரும்பாலும் கழிக்க முடியாது. வேண்டுமென்றே சம்பளத்தைத் தராமல் விடுவது 2022 தொடக்கத்திலிருந்து தண்டனைச் சட்டத்தில் குற்றம். ஆனால் வேலைக் கண்காணிப்புத் திணைக்களம் உங்கள் நிலுவையை வாங்கித் தராது. அந்த வேலைக்குத்தான் சங்கம்.

தனியார் துப்புரவுக்கு நோர்ஸ்க் ஆர்பைட்ஸ்மன்ஸ்ஃபொர்புன், நகரசபை வேலைக்கு ஃபாக்ஃபொர்புன்டே. சந்தாவுக்கு வரிச் சலுகை உண்டு. "மாதாமாதம் ஏன் அவங்களுக்குக் கொடுக்கவேணும்" என்று நான் பல வருஷம் சேராமல் இருந்தேன். பிரச்சினை வந்தபின் சேர்ந்தால் பழைய வழக்குக்கு உதவி கிடைக்காமல் போகலாம். நல்லகாலம், என் மேலதிக மணித்தியாலங்கள் வெட்டப்படுவதற்கு நாலு மாதம் முந்தித்தான் கூட வேலை செய்த ஒரு பொலிஷ்காரி என்னைப் பிடித்துச் சங்கத்தில் சேரவைத்தாள். எங்கள் தில்லித்ஸ்வல்த், அதாவது நாங்கள் நம்பித் தெரிவுசெய்த பிரதிநிதி, காலண்டரையும் சிட்டைகளையும் அடுக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதினார். இரண்டு கூட்டம் நடந்தது. நான் தேநீர் குடித்ததைத் தவிர அதிகம் பேசவில்லை. 90 வீதம் ஒப்பந்தத்தில் ஏறியது.

சம்பள நிலுவையைப் பொதுவாக மூன்று வருஷத்துக்குள் கேட்கவேண்டும். ஆகவே பழைய சிட்டைகளை அழிக்கவேண்டாம், வேலை விட்டாலும்.

தங்கையின் மகளுக்கு ஒரு வசனத்தை மட்டும் பாடமாக்கிக் கொடுத்தேன்: "வெம் ஏர் தில்லித்ஸ்வல்த் ஹேர்?" இங்கே பிரதிநிதி யார் என்று அர்த்தம். திங்கட்கிழமை கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.