காட்டு மலைக்குள் கிராவல் பைக் ரூட் போடுவது எப்படி?

அதிக உயரமில்லாத, காடு மூடிய மலைகளுக்காக நான் முதன்முதலில் போட்ட ரூட் 46 கிலோமீட்டர். அதில் நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வரைபடத்தில் அந்த இடம் மற்ற காட்டுச் சாலைகளைப் போலவேதான் இருந்தது, ஒரு பழுப்புக் கோடு. நேரில் போனால், மரம் வெட்டும் இயந்திரம் போய்வந்த தடம் முழங்கால் ஆழத்துக்கு, உள்ளே சேறு, மேலே கழித்துப்போட்ட கிளைகள். ஒரு கிளை பின் டிரெய்லியரில் (கியர் மாற்றும் பாகம்) மாட்டி, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்தது. மீதி தூரத்தை ஒரே கியரில் ஓட்டி முடித்தேன்.

பிறகு ரூட் போடும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது தள்ளிக்கொண்டு நடப்பது அபூர்வம். அந்த முறைதான் இது. கிராவல் பைக் (சரளை, மண் பாதையிலும் ஓட்டும்படி அகலமான டயர் போட்ட சைக்கிள்) வைத்திருக்கிறீர்கள், பஞ்சர் ஒட்டத் தெரியும், ஜிபிஎஸ் கம்ப்யூட்டரோ போனோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் மலையின் அமைப்பு

புதிதாக ரூட் போடுபவர்கள் ஊரையும் காட்சிமுனையையும் குறித்துவிட்டு இடையில் கோடு இழுக்கிறார்கள். இப்படிச் செய்தால் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பீர்கள். ஒருமுறை ஏறி மேட்டுவரம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மலைகளின் உச்சி பெரும்பாலும் உருண்டு தட்டையாக இருக்கும். மேலே போய்விட்டால் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓட்டலாம். மேலே தண்ணீர் மட்டும் கிடைக்காது. ஓடைகள் எல்லாம் கீழே. ஏறும் முன் பாட்டிலை நிரப்பிவிடுங்கள்.

2. கருவி

சைக்கிள் ரூட் போட நான் பிரவுட்டர் என்ற கருவியின் வெப் பதிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். கொமூட் என்ற இன்னொரு ஆப் பார்க்க அழகு, தொடங்க எளிது, அதில் மற்றவர்கள் போட்ட படங்களும் உதவும். ஆனால் ரூட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் என்ன தகவல் பதிவாகியிருக்கிறது என்று அட்டவணையாகக் காட்டுவது பிரவுட்டர். எனக்கு அந்த அட்டவணை இல்லாமல் ரூட் போட முடியாது. இரண்டுக்கும் அடிப்படை, தன்னார்வலர்கள் சேர்ந்து போடும் வரைபடமான, 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்த ஆப்பிலும் கைகொடுக்கும்.

3. தரையைப் படிப்பது (இங்கேதான் நான் மாட்டினேன்)

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டிப் பாதைகளுக்கு ‘டிராக்’ என்று பெயர். டிராக் என்று இருப்பதாலேயே ஓட்டமுடியும் என்று அர்த்தம் இல்லை. அதற்குள் ‘டிராக்டைப்’ என்று ஒரு தரம் இருக்கிறது, கிரேடு 1 முதல் 5 வரை. 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தரை. 2 என்றால் பெரும்பாலும் கெட்டி, சரளை. 3-இல் கெட்டியும் மண்ணும் கலந்திருக்கும். 4 பெரும்பாலும் மண். 5 வெறும் மண்ணோ புல்லோதான், கெட்டித் தரையே இருக்காது. நான் நடந்த நாலு கிலோமீட்டர் கிரேடு 5. அட்டவணையைத் திறந்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது என் கணக்கு: 1, 2 கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். 3 வெயில் நாளில் மட்டும். 4, 5 இருந்தால் சுற்றிப்போக வழி தேடுவேன். தரமே குறிக்கப்படாத டிராக்கை 4 என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது ‘சர்ஃபேஸ்’, அதாவது தரை எதனால் ஆனது என்ற குறிப்பு. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கிராவல் பைக் என்பதால் ‘கிராவல்’ என்று குறித்த பாதையைத் தேடிப் போவோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் விளக்கத்தில் கிராவல் என்றால் நம் ஜல்லி. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவார்களே, அந்த மாதிரி கூர்மையான உடைகல். நாம் தேடும் வழவழப்பான சரளைப் பாதைக்கு அங்கே பெயர் ‘கம்பாக்டட்’ அல்லது ‘ஃபைன் கிராவல்’. வரைபடம் போடுகிறவர்களும் இதில் குழம்பி இரண்டையும் மாற்றி எழுதுவது உண்டு. அதனால் சர்ஃபேஸையும் கிரேடையும் சேர்த்தே பாருங்கள். கிராவல், கிரேடு 2 என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கிராவல், கிரேடு 3 என்றால் கல் கையை உலுக்கும்.

சந்தேகமான துண்டுக்கு சாட்டிலைட் படத்தைத் திறங்கள். மரக்கூரை மறைத்தாலும் அங்கங்கே இடைவெளி தெரியும். வெளிர்ச் சாம்பல் அல்லது வெள்ளைக் கோடு தொடர்ந்து வந்தால் கல் போட்ட சாலை. இரண்டு மெல்லிய கோடு, நடுவில் பச்சை என்றால் புல் வளர்ந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால், அதை ரூட்டில் சேர்க்காதீர்கள்.

முட்டுச்சந்தையும் கவனியுங்கள். மரம் இழுக்கப் போட்ட கிளைப் பாதைகள் சரிவில் நின்றுவிடும். பக்கத்திலேயே இன்னொரு பாதை தொடங்கும். வரைபடத்தில் ‘நூறு மீட்டர்தானே, தாண்டிவிடலாம்’ என்று தோன்றும். அந்த நூறு மீட்டரில் சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறவேண்டியிருக்கும்.

4. சம உயரக் கோடுகள்

காட்டுச் சாலையை மர லாரி ஏறுவதற்காகப் போடுகிறார்கள். அதனால் அது மலையைச் சுற்றிச் சுற்றிச் சீராக ஏறும், சம உயரக் கோடுகளைச் சாய்வாக வெட்டும். ஒரு பாதை அந்தக் கோடுகளை நேர்குத்தாக வெட்டிக்கொண்டு போனால் அது நடைபாதை அல்லது மரம் இழுக்கும் தடம்.

செங்குத்தை அளக்க ஒரு எளிய வழி. வரைபடத்தில் 250 மீட்டர் நீளத்துக்குப் பாதையைப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் உயரம் என்றால், இரண்டு கோடு ஏறினால் 8 சதவீதம், மூன்று என்றால் 12, ஐந்து என்றால் 20. இறுகாத சரளையில் 12-க்கு மேல் போனால் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும். எழுந்து நின்று மிதித்தால் இன்னும் வழுக்கும். சீட்டில் உட்கார்ந்தே ஏறுங்கள். அதற்கு, சிறிய கியரில் பின் பல்சக்கரம் முன் பல்சக்கரத்தைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் சுமார் 7.5 கிலோமீட்டர். 12 சதவீதத்தில் அதைத் தாக்குப்பிடிப்பது வழக்கமாக ஓட்டுபவருக்கே சிரமம்.

ஆப் காட்டும் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்பவேண்டாம். பல கருவிகளின் உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த அளவிலிருந்து வருகிறது. கட்டம் சுமார் 30 மீட்டர். சரிவை வெட்டிப் போட்ட ஒடுங்கிய சாலை அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிடும். போதாததற்கு, காட்டில் ரேடார் தரைக்குப் பதில் மரக்கூரையைத் தொட்டுத் திரும்புவதும் உண்டு. சமதரைச் சாலைகூட ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவதாகத் தெரிவது இதனால்தான்.

நேரத்துக்கு என் கணக்கு: தூரத்தை 18-ஆல் வகுங்கள், ஏற்றத்தை 600-ஆல் வகுங்கள், இரண்டையும் கூட்டினால் மணி. 40 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் மூன்றரை மணி நேரம். நிற்கும் நேரம் தனி.

5. டயர்

40 முதல் 45 மில்லிமீட்டர், டியூப்லெஸ். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். கல்லில் ரிம் இடித்தால் இரண்டு கூட்டுங்கள். டியூப்லெஸ் என்றாலும் ஒரு டியூபும், உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கரும் பையில் இருக்கட்டும்.

6. ஓட்டும்போது

லாரிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடங்களும் கெட்டி. நடுமேட்டிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் உதிரிக்கல் குவிந்திருக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள்.

இறக்கத்தில் குறுக்கு வாய்க்காலைக் கவனியுங்கள். மழைநீரைச் சாலையிலிருந்து வெளியேற்ற, மரத்தாலோ இரும்பாலோ ஒரு கை அகலத்துக்குச் சாய்வாகப் பதித்திருப்பார்கள். நிழலில் கண்ணுக்கே தெரியாது. சாய்வாகவே அதன்மேல் ஏறினால் முன்சக்கரம் பள்ளத்துக்குள் திரும்பிவிடும். தூரத்திலேயே பார்த்து, அதற்கு நேர்குத்தாகத் திருப்பி, பிரேக்கை விட்டு, சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து தாண்டுங்கள்.

மரம் வெட்டும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமையானாலும் உள்ளே போகாதீர்கள். விழும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை ஆபத்துப் பகுதி. அடுக்கிவைத்த மரக்கட்டைகள்மேல் உட்காரவும் வேண்டாம், அவை உருளும். நடப்பவர்களைப் பார்த்தால் தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியிருந்தார்: ரூட்டைச் சரியாகப் போட்டும், அவருடைய கருவி வேறு வழியில் நடைபாதைக்குள் கொண்டுபோய்விட்டதாம். காரணம் ஜிபிஎக்ஸ் ஃபைல், அதாவது போட்ட வழியைக் கருவிக்கு மாற்றும் ஃபைல். அதை ‘ரூட்’ ஆக ஏற்றினால் சில கருவிகள் இடைப்புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு வழியைத் தாங்களே புதிதாகக் கணக்கிடும். ‘டிராக்’ (மேலே சொன்ன வண்டிப் பாதை அல்ல, ஃபைலின் ஒரு வகை) ஆக ஏற்றினால் நீங்கள் போட்ட கோடு அப்படியே வரும். தானாக வழி மாற்றும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொருவர், தடுப்பு போட்ட பகுதியை முன்கூட்டியே எப்படித் தவிர்ப்பது என்று கேட்டார். பிரவுட்டரில் ‘நோ-கோ’ பகுதி வரையும் வசதி இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால் ரூட் தானாக விலகும். புதிய வழியின் அட்டவணையை மட்டும் மறுபடி திறந்து, கிரேடு 4-ம் 5-ம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.