எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: ஒரு பட்டாம்பூச்சிக்குச் சரியான பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

உயிர்களை வகைப்படுத்தும் படிகளை உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். ஒரே ஓர் உயிரை இந்த ஏழு படியிலும் இறக்கிப் பார்த்தால் மறக்காது. அதற்கு ஏற்றது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி. எருக்கு மண்டிய காலி மனைகளில் எளிதாகக் கண்ணில் படும், நிதானமாகப் பறக்கும்.

கைபேசி, குறிப்பேடு, பென்சில் போதும். வலை வேண்டாம். கையில் பிடித்தால் இறகின் செதில் உதிரும்.

படி 1: மூன்று படங்கள்

காலை 9 முதல் 11 மணிக்குள் போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாக நெருங்குங்கள். இறகு விரித்தபோது மேலிருந்து ஒன்று, மூடியபோது பக்கவாட்டில் ஒன்று, கால்கள் தெரியும்படி தாழ்வாக ஒன்று. புதிதாகத் தொடங்குபவர்கள் அழகான முதல் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கால் தெரியாவிட்டால் குடும்பத்தை உறுதிசெய்வது கடினம்.

படி 2: மேலிருந்து கீழே

விலங்குலகம் என்பதில் குழப்பமில்லை. கணுக்கணுவான கால்கள், எனவே கணுக்காலித் தொகுதி. உடல் மூன்று பகுதி, கால் ஆறு: பூச்சி வகுப்பு. இறகில் தூள்போன்ற செதில்கள்: செதிலிறகி வரிசை. உணர்கொம்பின் நுனி குண்டூசித் தலைபோலப் பருத்திருப்பதால் இது அந்துப்பூச்சி அல்ல, பட்டாம்பூச்சி.

இப்போது கால்களை எண்ணுங்கள். நான்குதான் தெரியும். மற்ற இரண்டும் ஒடிந்துபோகவில்லை. முன்னங்கால்கள் குட்டையாகி நெஞ்சோடு மடங்கிக் கிடக்கின்றன. இதுதான் நிம்ஃபாலிடே குடும்பத்தின் அடையாளம்.

படி 3: இங்கேதான் தவறு நடக்கும்

செம்மஞ்சள் இறகு, கறுத்த முனை, அதில் வெள்ளைத் திட்டுகள். உடனே வெந்தய வரியன் என்று எழுதிவிடாதீர்கள். பின்னிறகைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுப்பகுதியில் கரும்புள்ளிகள் ஆணுக்கு நான்கும் பெண்ணுக்கு மூன்றும் இருந்தால் அது டானஸ் கிரிசிப்பஸ், வெந்தய வரியனேதான். முன்விளிம்பருகே ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தால் வேறு பேரினம்: ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸின் பெண். அதன் ஆணோ கறுப்பு இறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எண்ணிவிடுவீர்கள்.

வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்க்கிறது. ஒருமுறை கொத்திய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. நஞ்சில்லாத மிசிப்பஸ் பெண் அதே நிறத்தைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. இத்தகைய போலித்தோற்றத்தை அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு 1862-இல் விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

படி 4: பெயரை எழுதுதல்

டானஸ் கிரிசிப்பஸ் (லின்னேயஸ், 1758). முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். லின்னேயஸ் இதைப் பாப்பிலியோ என்ற பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது.

படி 5: எண்ணுதல்

200 மீட்டர் பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் 2.5 மீட்டருக்குள் வருபவற்றை மட்டும் இனவாரியாகக் குறியுங்கள். திரும்பி வரும்போது எண்ணாதீர்கள், அதே பூச்சி இருமுறை கணக்கில் சேரும். ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1-இலிருந்து கழியுங்கள். இது ஓர் இடத்தின் இனப் பன்மையை அளக்கும் சிம்ப்சன் குறியீடு; விடை பெரிதானால் பன்மை அதிகம்.

நான்கு இனம், தலா 10 என்றால் விடை 0.75. அதே நான்கு இனம், ஆனால் 37, 1, 1, 1 என்றால் 0.14. இரண்டிலும் இனங்கள் நான்கு, பூச்சிகள் 40. ஆனாலும் இரண்டாவது இடத்தில் மூன்று இனங்கள் ஒற்றை உயிரில் தொங்குகின்றன.

பட்டாம்பூச்சியோடு பாதையோரச் செடிகளையும் எண்ணிக் குறியுங்கள், குறிப்பாக எருக்கையும் தரைக்கீரையையும். தரைக்கீரை மிசிப்பஸ் புழுவின் உணவு. மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று எருக்கை மட்டும் வெட்டினாலும், முதலில் வெந்தய வரியன் குறையும். பிறகு கசப்பு அறியாத இளம் பறவைகள் அந்த நிறத்துக்கு அஞ்சாது. தரைக்கீரை தழைத்துக் கிடந்தாலும் மிசிப்பஸ் பெண்ணுக்குப் பாதுகாப்பு போய்விடும்.